நிலை = நலம்

காலை ஆறு மணி நாற்பத்திரண்டு நிமிடம். அந்தக் கோப்பு கடைசியாகச் சேமிக்கப்பட்ட நேரம் அதுதான் என்று என் மடிக்கணினி இன்னமும் காட்டுகிறது. அதற்குப் பிறகு நான் அதில் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. அழிக்கவும் மனம் வரவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை நான் செய்த மாற்றம் ஒன்றே ஒன்றுதான். மேலே ஒரு வரியில் ஒன்று என்று இருந்ததைப் பூஜ்யம் ஆக்கினேன்.

அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. மகள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"ம்மா, ஏழே கால் பஸ்ஸ விட்டா அடுத்தது எப்ப வரும்னே தெரியாது. குடுக்கிறியா, இல்ல இது இல்லாமலே போகட்டா?"

மடிக்கணினியிலிருந்து பட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். இடது மணிக்கட்டில் அவளே கட்டிக்கொண்டாள். பச்சை விளக்கு எரிந்தது. முத்தியால்பேட்டை நிறுத்தத்தை நோக்கி அவள் ஓடுவதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து பாலைத் துடைத்தேன்.

நான் சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஒரு சிறிய மின்னணு நிறுவனத்தில் இருபத்திரண்டு வருடங்களாக வேலை செய்கிறேன். ஐஸ்கிரீம் கடைகளிலும் மருந்துக் கடைகளிலும் இருக்கும் குளிர்ப்பெட்டிகளுக்குள்ளே உள்ளங்கை அளவில் ஒரு மின்சுற்றுப் பலகை இருக்கும். அதற்கு நிரல் எழுதுவது என் வேலை. அந்தப் பலகைக்குத் திரை கிடையாது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவேண்டுமானால், நிரலின் நடுவே ஆங்காங்கே எண்களை வெளியே அச்சிடச் சொல்லித்தான் பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் நானும் எல்லோரையும்போல வெறும் எண்களை அச்சிட்டுக்கொண்டிருந்தேன். 47. 3. 112. வரிசையாக ஓடும். எது எது என்று தெரியாது. வெப்பநிலை என்று நினைத்துக்கொண்டு ஓர் எண்ணை இரண்டு நாள் துரத்தினேன். கடைசியில் அது, பெட்டியின் கதவு எத்தனை முறை திறந்தது என்ற எண்ணிக்கை.

அதற்குப் பிறகுதான் அந்த மேக்ரோவை எழுதினேன். நாம் எழுதும் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுவதற்கு முன்னால், அதை ஒருமுறை படித்து, சொன்ன இடத்தில் சொன்னதை மாற்றி எழுதிவைக்கும் ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்துக்கென்று எழுதிவைக்கும் சுருக்கம்தான் மேக்ரோ. என்னுடையதற்குப் 'பார்' என்று பெயர் வைத்தேன். பார் என்று போட்டு அடைப்புக்குறிக்குள் எதை வைத்தாலும், அதன் மதிப்பை மட்டும் இல்லாமல் பெயரையும் சேர்த்து அச்சிடும். வெப்பம் = 4. கதவு = 47. மேலே ஒரு வரியில் ஒன்று என்று வைத்திருக்கும்வரை எல்லா 'பார்'களும் பேசும். பலகை தயாராகி வெளியே போகும்போது அந்த ஒன்றைப் பூஜ்யம் ஆக்கிவிட்டால் போதும். அத்தனை 'பார்'களும், அடைப்புக்குறிக்குள் இருப்பதோடு சேர்ந்து, எழுதவே படாதவைபோலக் காணாமல் போய்விடும்.

பெயர் இல்லாத எண்ணை நம்பக் கூடாது என்பது எனக்கு வேலையில் வந்த பழக்கம். பிறகு அது வீட்டுக்கும் வந்துவிட்டது. மகள் பள்ளியிலிருந்து வந்து "எழுவத்தஞ்சும்மா" என்பாள். "எது எழுவத்தஞ்சு?" என்பேன். "ஏம்மா, இப்பதான கணக்குப் பேப்பர் குடுத்தாங்கன்னு சொன்னேன்?" என்று தலையில் அடித்துக்கொள்வாள். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர், மீட்டரைப் பார்த்து எண் சொல்வதற்கு முன்னால் என் பக்கம் திரும்பிக் கும்பிடுவார். "மேடம், மின்னழுத்தம், அஞ்சு புள்ளி ஒண்ணு. பேர் சொல்லிட்டேன். திட்டாதீங்க."

மகளுக்குப் பன்னிரண்டாவது வயதில் முதல் வலிப்பு வந்தது. மாத்திரையில் கட்டுப்பட்டது என்றாலும் வருடத்துக்கு ஓரிரு முறை சொல்லாமல் வரும். வந்தால் மூக்கில் அடிக்க ஒரு மருந்து உண்டு. சின்னக் குப்பி. அடித்தால் சில நிமிடங்களில் அடங்கிவிடும். அது எப்போதும் அவள் பையின் பக்கவாட்டு அறையில் இருக்கும். அது அங்கே இருப்பது எங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. வெளியே சொல்ல அவளுக்குக் கூச்சம்.

அவள் காலாப்பட்டில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அவள் அப்பா பிரான்சில் வேலை பார்க்கிறார். வருடத்தில் ஒரு மாதம் வருவார். பயப்படும் வேலை முழுவதும் என்னுடையது. அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு எட்டு மாதம் முன்னால் நானே ஒரு மணிக்கட்டுப் பட்டை செய்தேன். கை நடுக்கத்தையும் நாடித்துடிப்பையும் கவனிக்கும். உள்ளே ஒரு சிம் அட்டை. நிமிடத்துக்கு ஒருமுறை, 'பார்' வழியாக இல்லாமல் தனியாக, என் கைப்பேசிக்கு ஒரு வரி அனுப்பும்: நிலை = நலம். நடுக்கம் விடாமல் தொடர்ந்தால் சிவப்பு விளக்கு எரிந்து கூவும். என் கைப்பேசியும் கூவும். நான் அழைத்து, பக்கத்தில் யார் இருந்தாலும் அவர்களிடம் குப்பி இருக்குமிடத்தைச் சொல்லிவிடலாம். பட்டையின் அடிப்பக்கம், தோலில் படும் இடத்தில், என் எண்ணை ஒட்டியிருந்தேன்.

"தீப்பெட்டியக் கட்டிக்கிட்டுப் போற மாதிரி இருக்கு" என்றாள். ஆனாலும் கட்டிக்கொண்டாள்.

நான்தான் நலம் என்ற ஒரு வார்த்தையோடு நிற்கவில்லை. மேலே அந்த ஒன்றை மாற்றவே இல்லை. எல்லாப் 'பார்'களும் நாள் முழுவதும் என் மேசைக்கு வந்துகொண்டிருந்தன. நடுக்கம் = 2. துடிப்பு = 84. அசைவு = 0. வேலைக்கு நடுவே ஒரு கண் அதில் இருக்கும். மதியம் கூப்பிடுவேன்.

"பதினொன்றரைக்கு ஏன் துடிப்பு நூத்தி இருபது?"

"படி ஏறுனேன்."

"அசைவு பூஜ்யம்னு காட்டுது. உக்காந்த எடத்துல எப்பிடிடி நூத்தி இருபது?"

பேச்சை மாற்றப் பார்ப்பாள். பிறகு, "ம்மா, நான் என்ன உன் ஃபேக்டரி போர்டா?" என்பாள்.

அந்தத் திங்கட்கிழமை மாலை அவள் கத்தவில்லை. அதுதான் என்னை அசைத்தது. என் எதிரே உட்கார்ந்து மெதுவாகப் பேசினாள். "ஒருத்தர்கிட்ட பேசினாக்கூட உனக்கு நம்பர் வந்துடுமேன்னு நெனச்சு நான் எழுந்து போயிடுறேன்மா. எட்டு மாசமா. நலம்னு வந்தா போதாதா உனக்கு? அத மட்டும் வச்சுக்கோ. மத்ததெல்லாம் நிறுத்திடு. நலம்னு வர்ற வரைக்கும் எனக்கு ஃபோன் பண்ணாத. யார் என்ன சொன்னாலும் பண்ணாத."

சரி என்றேன். அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். மறுநாள் காலை ஆறு நாற்பத்திரண்டுக்கு அந்த ஒன்றைப் பூஜ்யம் ஆக்கினேன். வழக்கமாக எந்த மாற்றம் செய்தாலும் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு மூன்று நிமிடம் உதறிப் பார்ப்பேன், கூவுகிறதா என்று. அன்று பார்க்கவில்லை. எதையும் புதிதாகச் சேர்க்கவில்லையே, பேச்சை மட்டும்தானே நிறுத்தினோம் என்று நினைத்தேன்.

அன்று முழுவதும் என் கைப்பேசியில் ஒரே வரி. நிலை = நலம். நிலை = நலம். கை அரித்தது என்றாலும் அழைக்கவில்லை. மாலை நாலு முப்பத்தொன்றுக்குத் தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. பின்னணியில் லாரி ஹாரன். ஒரு பெண் குரல், மூச்சு வாங்கியது.

"ம்மா, உன் பொண்ணு இங்க வுழுந்துட்டா. சீக்கிரம் வா."

"எந்தப் பொண்ணு? யார் பேசுறது?"

"உன் பொண்ணும்மா. நான் இங்க ரோட்டாண்ட இருக்கேன்."

"பேர் சொல்லுங்க. பொண்ணு பேர் என்ன?"

"பேரு தெரியலையேம்மா..."

ஒரு கணம் நம்பிவிட்டேன். அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த மாதங்களில் ஊர் முழுவதும் இப்படி அழைப்புகள் வந்துகொண்டிருந்தன. உங்கள் பிள்ளை அடிபட்டுக் கிடக்கிறான், உங்கள் பெண்ணைப் பிடித்து வைத்திருக்கிறோம் என்று. கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தேன். நாலு முப்பத்தொன்று. நிலை = நலம். நான் செய்த கருவி பெயர் சொல்லிப் பேசியது. அந்தக் குரலுக்குப் பெயர் தெரியவில்லை. துண்டித்தேன்.

உடனே மறுபடி அடித்தது. "வைக்காத ம்மா, சொல்றத—" என்ற வரைக்கும் கேட்டேன். துண்டித்து, அந்த எண்ணைத் தடை செய்தேன்.

"என்ன மேடம்?" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"பொண்ணு விழுந்துட்டாளாம். பேர் கேட்டா தெரியலையாம்."

"எங்க மாமனாருக்கும் போன வாரம் வந்துச்சு. இல்லாத மகளுக்கு ஆக்சிடென்ட்டாம்" என்று சிரித்தார்.

மகளுக்கு அழைக்கலாமா என்று யோசித்தேன். யார் என்ன சொன்னாலும் பண்ணாதே என்றது காதில் இருந்தது. சத்தியம் செய்து ஒருநாள்கூட ஆகவில்லை. அழைக்காமல் இருந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. டீ வந்தது. அன்று டீயோடு ஒரு மசால் வடையும் சாப்பிட்டேன். அந்த வடையை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

ஆறு ஐந்துக்கு, நிறுவன வேனில் வீட்டுக்குத் திரும்பும்போது, பல்கலைக்கழகக் காவலாளி ஒருவர் அழைத்தார். அவள் கழுத்திலிருந்த அடையாள அட்டையை வைத்து மருத்துவமனையிலிருந்து பல்கலைக்கழக அலுவலகத்துக்கு அடித்திருக்கிறார்கள். அலுவலகம் மூடிய பிறகு அடித்துக்கொண்டே இருந்த தொலைபேசியை அவர்தான் எடுத்திருக்கிறார். அவர் முதலில் மகளின் பெயரைச் சொன்னார். நான் நம்பினேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் அந்த மருத்துவமனைக்கு ஆட்டோவில் போகும்போது கைப்பேசி மடியில் இருந்தது. நிமிடத்துக்கு ஒருமுறை அதிர்ந்தது. நிலை = நலம்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் மூக்கிலும் கையிலும் குழாய்களோடு கிடந்தாள். செவிலியர் பட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். பச்சை எரிந்துகொண்டிருந்தது. ஓர் இளம் மருத்துவர் வந்து கேட்டார்.

"எவ்ளோ நேரம் இழுத்துச்சு? எந்தக் கை முதல்ல ஆரம்பிச்சுது? பக்கத்துல யாராவது இருந்தாங்களா? ஸ்ப்ரே குடுத்தாங்களா?"

"தெரியல."

"இது என்ன, வாட்ச்சா?"

"நான் செஞ்சது. வலிப்பு வந்தா சொல்றதுக்கு."

"அப்ப ரெக்கார்ட் இருக்குமே?"

"இன்னிக்குக் காலையிலதான் நிறுத்தினேன்" என்றேன். அவர் 'தெரியவில்லை' என்று குறித்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த எண்ணின் தடையை நீக்கி அழைத்தேன். ஸ்விட்ச் ஆஃப். மகளின் கைப்பேசிக்கு அழைத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. வகுப்புக்காக ஒலியை நிறுத்திப் பையில் போட்டிருப்பாள். பை எங்கே என்று ஆம்புலன்ஸ்காரர்களுக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை அவள் கைப்பேசியும் அணைந்துவிட்டது. நான் வாழ்நாளில் யாருக்கும் அத்தனை முறை அழைத்ததில்லை. பெயர் தெரியாத அந்தப் பெண் ஒருத்திக்குத்தான் தெரியும், என் மகளுக்கு எத்தனை நிமிடம் என்று.

புதன்கிழமை மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது மடிக்கணினியைத் திறந்தேன். தேட வேண்டியிருக்கவில்லை. இருநூற்றுச் சொச்ச வரிகளில் ஒரு வரியிலேயே கண் போய் நின்றது. நடுக்கத்தை எண்ணும் வேலையைச் செய்யும் கட்டளையை, நான் 'பார்' என்பதன் அடைப்புக்குறிக்குள்ளேயே எழுதியிருந்தேன்.

எங்கள் வேலையில் இது எல்லோருக்கும் தெரிந்த விதி. அந்த அடைப்புக்குறிக்குள் பார்க்க வேண்டியதை மட்டும்தான் வைக்க வேண்டும். வேலை எதையும் அதற்குள் வைக்கக் கூடாது. இதே பிழைக்காக மற்றவர்களின் நிரலைச் சிவப்பில் சுழித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என்றோ ஒரு மழை நாளில், அவள் காய்ச்சலோடு படுத்திருந்தபோது, எண்ணிக்கையை உடனே கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் அந்த வரியைச் சுற்றிப் 'பார்' போட்டிருக்கிறேன். எட்டு மாதம் அது சரியாக ஓடியது. நான் பார்த்துக்கொண்டிருந்தவரை வேலை செய்தது. பேச்சை நிறுத்தியபோது எண்ணுவதும் சேர்ந்து நின்றுவிட்டது. எண்ணாத கருவிக்கு நடுக்கம் எப்போதும் பூஜ்யம். பூஜ்யம் என்றால் நலம்.

இதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நாலு மாதம் ஆகிறது. தான் கேட்டதால்தான் நிறுத்தினேன் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். தன்னால்தான் எல்லாம் என்று அவளை நினைக்கவிட்டு நான் மௌனமாக இருக்கிறேன். இதை எழுதுவதே அவளிடம் கொடுப்பதற்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அவள் வீட்டில் இருக்கிறாள். இந்தப் பருவத் தேர்வை எழுதவில்லை. நடக்கிறாள், சிரிக்கிறாள், என்னைக் கேலிகூடச் செய்கிறாள். ஆனால் பொருள்களின் பெயர்கள் அவளுக்கு உடனே வருவதில்லை. வந்துவிடும், நாளாகும் என்கிறார்கள். சாப்பிடும்போது கையை நீட்டி, "ம்மா, அது" என்பாள். தண்ணீரா, உப்பா, கரண்டியா. முன்பானால் எது என்று கேட்டிருப்பேன். இப்போது எல்லாவற்றையும் எடுத்து அவள் முன்னால் வைத்துவிடுகிறேன்.

அந்த வாரம் வியாழக்கிழமைக்கு வருகிறேன். மதியம் மூன்று மணி இருக்கும். சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், புடவையை ஏற்றிச் செருகியபடி, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். தோளில் என் மகளின் பை. கையில் ஒரு பிளாஸ்டிக் உறையில் அவள் செருப்புகள். மீன் வாடை வந்தது.

என் எதிரே நின்றார். "நீதான் அந்த வாட்ச்சு நம்பரா?"

எழுந்தேன். தலையை ஆட்டினேன்.

"பொண்ணு எப்டிம்மா இருக்கு?"

"கண்ணத் தொறந்துட்டா."

"ஹப்பாடா" என்று பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். காலாப்பட்டு நிறுத்தத்தில் அன்னக்கூடை வைத்து மீன் விற்கிறவராம். "நேத்தே வந்தேன். வாட்ச்மேன் உள்ள வுடல. பேஷன்ட்டு பேரு இன்னான்றான். தெரியலன்னேன். போ போன்னுட்டான். இன்னிக்கு டீக்கடக்காரன்கிட்ட நோட்ட குடுத்துப் பேரப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கினு வந்தேன். உனுக்குப் போடலாம்னா என் ஃபோனு செத்துப்போச்சு. ஒரு கையில பொண்ணு தலயப் புடிச்சிக்கினு ஒரு கையில பேசினேனா, ரெண்டாவது வாட்டி நீ வச்ச ஒடனே வழுக்கி ஐசு தண்ணில வுழுந்துடுச்சு."

"அக்கா, நான்தான் கட் பண்ணினேன்."

"ஆமா, நீதான் பண்ண." அதில் கோபம் இல்லை. நடந்ததைச் சொன்னார்.

"பேர் கேட்டேன்."

"அது பேரு எனக்கு எப்டிம்மா தெரியும்? கழுத்து அட்டையப் படிக்கவும் தெரியாது. மயங்கிக் கெடக்குது, அதையா கேக்கறது?"

மருத்துவர் கேட்டதை நான் கேட்டேன். எவ்வளவு நேரம், எந்தக் கை.

"வாட்ச்சு கட்டியிருந்த கைதான் மொதல்ல வெட்டுச்சு. அப்புறம் ஒடம்பு பூரா. நேரமெல்லாம் எனக்கு எங்க தெரியும்? டவுன் பஸ்ஸு ஒண்ணு போச்சு, அப்ப வாட்ச்ச லூசு பண்ணி நம்பரப் பாத்து உனுக்குப் போட்டேன். அப்பறம் ரெண்டு பஸ்ஸு போச்சு. மூணாவது நின்னு, அதுலேர்ந்து பசங்க எறங்கி ஆம்புலன்சுக்குச் சொன்னாங்க. அதுவரிக்கும் வுடாம இழுத்துக்கிட்டேதான் இருந்துச்சு."

அந்தச் சாலையில் எந்த நேரத்தில் எத்தனை நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று எனக்குத் தெரியும். மனம் தானாகக் கூட்டியது. அவர் என் எண்ணை அழைத்தபோது இன்னும் இருபது நிமிடம் பாக்கி இருந்தது.

பையை என் மடியில் வைத்தார். பக்கவாட்டு அறையைத் துணியின் மேலேயே தடவினேன். குப்பி இருந்தது. மூடி பிரிக்கப்படவில்லை. அவர் அதைத் தொட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்திருக்கிறார். பையைத்தான் அவள் தலைக்கு அண்டக் கொடுத்தாராம். ஒரே ஒரு வாக்கியம், நான் ஃபோனில் சொல்லியிருந்தால் போதும். அது என்ன மருந்து என்று அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லி அவருக்கு என்ன ஆகப்போகிறது?

என் மற்றொரு கையில் அந்தப் பட்டை இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

"இதுதாம்மா" என்றார். "மூஞ்சி நீலமாய்டுச்சு. வாயில நொர. பயந்தே போனேன். ஆனா இதுல பச்ச லைட்டு எரிஞ்சிக்கினே இருந்துச்சு. அதப் பாத்துக்கினேதான், ஒண்ணும் ஆவாதுன்னு தைரியமா உக்காந்திருந்தேன்."